நடவுக்கு வங்காளம், அறுப்புக்கு ஆத்தூர்

சம்பா நடவு சமயத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனால் வயலில் வங்காளப் பேச்சு காதில் விழும். மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள் குழுக் குழுவாக நிற்பார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு இறங்குகிறார்கள். நாற்றைப் பறித்து, முடி கட்டி, சேற்றில் பரவலாக வீசி, நட்டு முடிப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாற்றுப் பறிப்பது ஆண் வேலை, நடுவது பெண் வேலை என்று டெல்டாவில் காலங்காலமாக இருந்த பிரிவினை அவர்களிடம் கிடையாது. வேலையும் வேகமாக நடக்கிறது.

"ஏன், உள்ளூர் ஆள் என்ன ஆச்சு?" என்று டீக்கடையில் கேட்டால் சட்டென்று வரும் பதில்: "நூறு நாள் வேலை கெடுத்துடுச்சு."

இந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் என்ற அந்த அரசு ஊரக வேலைத் திட்டத்துக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். 2025-26இல் அதற்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதையும் நூறு நாள் முழுக்கப் பார்த்தவர்கள் குறைவு. வரப்பு வெட்டவும் அண்டை கழிக்கவும் நாற்றுப் பறிக்கவும் இருந்த ஆண்கள் ஏரி தூர்வாரப் போகவில்லை. அவர்கள் திருப்பூருக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் போனார்கள். கொஞ்சம் வசதியும் துணிச்சலும் இருந்தவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்.

மக்கள்தொகைக் கணக்கும் வேறு கதை சொல்கிறது. 2001இல் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 86 லட்சம் பேர். 2011இல் 96 லட்சம். சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள்தான் அதே பத்தாண்டில் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். ஆக, ஆள் இல்லை என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பிய காலத்தில் எண்ணிக்கையில் குறைந்தவர் கூலிக்காரர் அல்ல, பயிர் வைத்தவர்.

பிறகு வயலில் எப்படி ஆள் இல்லாமல் போனது? அறுவடை இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அறுப்பு, கட்டுச் சுமப்பு, களத்தடி, தூற்றல் என்று வாரக்கணக்கில் குடும்பத்தோடு வேலை இருந்தது. கூலி நெல்லாகவே வந்து, பல மாதச் சாப்பாட்டுக்கு ஆனது. இப்போது ஆத்தூர், நாமக்கல் பக்கமிருந்து புரோக்கர் மூலம் வண்டி வருகிறது. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈர வயலுக்கு பெல்ட் வண்டி. ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. வருடத்தின் பெரிய கூலி இப்படிப் போன பிறகு, மிச்சமிருக்கும் சில நாள் நடவையும் களையெடுப்பையும் நம்பி யார் ஊரில் உட்கார்ந்திருப்பார்கள்? இயந்திரம் அறுப்பை எடுத்துக்கொண்டது. நடவுக்கான ஆளும் அதோடு சேர்ந்து போய்விட்டார்.

வெளியூர் ஆள் என்பது கீழத்தஞ்சையில் சாதாரணச் சொல் அல்ல. கூடுதல் நெல் கூலி கேட்டவர்களுக்கு எதிராக அறுவடைக்கு வெளியாட்களை இறக்கியதும் சேர்ந்துதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து சாவதில் போய் முடிந்தது. அதன் பிறகே 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று வெளி மாநிலத்தார் வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள், ஊரில் பெரிய எதிர்ப்பு இல்லை. அந்த வேலைக்குப் போட்டி போட உள்ளூரில் ஆள் இல்லை.

இயந்திர அறுப்புக்கு இன்னொரு விலையும் உண்டு, அதை விவசாயி கொள்முதல் நிலையத்து வாசலில் கொடுக்கிறார். கையால் அறுத்த காலத்தில் தாள் வயலில் கிடந்தே ஓரளவு காய்ந்துவிடும். இயந்திரம் கொட்டும் நெல் பச்சை ஈரத்தோடு டிராக்டரில் ஏறுகிறது. கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மறுபடி திறந்து காயவைத்து, சாக்கு வரக் காத்திருந்து நாட்கள் போகின்றன. 2025 அக்டோபரிலும் இதுதான் நடந்தது. மத்தியக் குழு வந்து ஈரப்பதம் பார்த்தது.

வரவைப் பார்ப்போம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்னரக நெல் குவிண்டாலுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து 2,545 ரூபாய். பொது ரகம் 2,500. ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் ஐம்பதாயிரம் வரும். உழவு, நடவு, உரம், மருந்து, அறுப்பு என்று செலவே முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது என்பது விவசாயிகள் சொல்லும் கணக்கு. மிச்சம், அதுவும் மழை கெடுக்காமல் இருந்தால், நாலைந்து மாத உழைப்புக்குக் கிடைப்பது. குத்தகைக்காரர் அதிலும் பங்கு கொடுக்க வேண்டும். இந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு திருப்பூர் சம்பளத்தோடு யாராலும் போட்டி போட முடியாது.

அதனால்தான் கடைமடையில் பலர் நடவையே விட்டுவிட்டு நேரடி விதைப்புக்கு மாறினார்கள்; அங்கே ஆள் செலவு குறைகிறது, களை ஏறுகிறது, களைக்கொல்லிச் செலவு பின்னாலேயே வருகிறது. இன்னொரு வழி இயந்திர நடவு. குறுவைத் தொகுப்பில் அரசு அதற்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் தந்தது. ஆனால் அதற்குப் பாய் நாற்றங்கால் பக்குவமாக விட வேண்டும், வயல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொன்ன நாளில் வர வேண்டும்.

நூறு நாள் வேலைக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் தருகிறது. விவசாயிகளில் பலர் நெடுநாளாகக் கேட்டது இதுதான். நிறுத்தினால் நடவுப் பெண்கள் சிலர் வயலுக்கு வரக்கூடும். திருப்பூருக்குப் போன ஆண்கள் வரமாட்டார்கள். கூலியைத் தாங்கும் விலை நெல்லுக்கு வராத வரை ஏஜென்ட் மூலம் வங்காளத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.