மலையகக் கடைவீதிகள் – 9: தவறணையை மூடும் உரிமை யாருக்கு?

மஸ்கெலியாவில் தவறணைப் பேச்சு எழுந்தாலே, தோட்டத்து ஆட்கள் குடிக்கிறார்கள், அதனால்தான் கடை இருக்கிறது என்று முடித்துவிடுகிறோம். வரலாறு இதற்கு நேர்மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. குத்தகைக்காரர் கட்டிய பணத்தையும் அதற்கு மேலான லாபத்தையும் விற்பனையிலிருந்தே எடுத்தாக வேண்டும். காசாகக் கூலி வாங்கும் மக்கள் திரளாக இருந்த இடங்கள் கோப்பி, தேயிலைத் தோட்டங்கள். ஆகவே தவறணைதான் தொழிலாளியைத் தேடி வந்தது. இந்தக் குத்தகையில் திரண்ட பணம் இலங்கையின் புதுப் பணக்காரர் பலருக்கு முதலாக அமைந்ததைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தோடு புதிய கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, டி. பி. ஜயதிலக்க, சேனநாயக்க சகோதரர்கள் போன்றோர் முன்னின்ற மதுவிலக்கு இயக்கம் வலுத்தது. ஊர்மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடும் வழியும் பிறந்தது. பல ஊர்களில் கடைகள் அப்படியே மூடப்பட்டன. தோட்டத்து மக்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் அறிவுரை. 1927இல் இலங்கை வந்த காந்தியும் குடியை விடும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். அறிவுரை நல்லதுதான், ஆனால் கடையை மூட அதிகாரம் வேண்டும். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்ததோடு, அந்த அதிகாரத்துக்கான வாசலும் அடைபட்டது.

கடையை மூடினால் கசிப்பு பெருகும் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் தவறணைகள் திறந்திருக்கும் காலத்திலும் கசிப்பு காய்ச்சப்படுகிறது. மதுவரி கூடி விலை ஏறும்போதும், சோதனை தளரும்போதும் அது வளர்கிறது. ஆகவே மூடுவதோடு கண்காணிப்பும் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். மூடவே கூடாது என்பதல்ல. நாள் முழுதும் மலையேறி இறங்குகிறவன் ஒரு மிடறு குடிக்கக் கூடாதா என்றும் கேட்பார்கள். குடிப்பது அவன் விருப்பம். ஆனால் 1969இல் பழைய மஸ்கெலியா நகரை மவுசாக்கலை நீர்த்தேக்கம் மூழ்கடித்தபின் எழுந்த இன்றைய கடைவீதியே சுற்றுத் தோட்டங்களின் சந்தை. சம்பள நாளில் அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் ஒதுக்கிய காசு அங்குள்ள தவறணையில்தான் கைமாறுகிறது. அதில் கொழுந்து பறித்த பெண்ணின் உழைப்பும் உண்டு. 1979ஆம் ஆண்டின் விதி மதுவை வாங்கப் பெண்ணுக்குத் தடை போட்டது. அதன் விலையைச் சுமப்பதிலிருந்து அவளை விடுவிக்கவில்லை.

தவறணை இருக்கலாமா என்பதை மதுவரித் திணைக்களமும் உரிமக்காரரும் மட்டும் தீர்மானிப்பது அநீதி. மஸ்கெலியாவுக்கு இன்று தனிப் பிரதேச சபை உண்டு. தோட்டங்களுக்குச் சேவை செய்யவிடாமல் தடுத்த பிரதேச சபைச் சட்டப் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் லயத்துப் பெண்கள் உட்பட ஊர்மக்களின் வாக்கைக் கேட்க வேண்டும் என்று இந்தச் சபை தீர்மானம் நிறைவேற்றி அரசிடம் கோரட்டும். மஸ்கெலியா வாசகர்களே, உங்கள் உறுப்பினரிடம் இதை இந்த மாதமே கேளுங்கள்.

(தொடரும்)