நெல்லின் எக்ஸ்ஏ21 புரதமும் இலைக்கருகல் எதிர்ப்பும்: புரத மாற்றங்களின் கூட்டியக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புரதம் உருவான பின்னர் அதன்மீது ஏற்படும் வேதி மாற்றங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவே தாவர நோயெதிர்ப்பை நெறிப்படுத்துகிறது. இதனை நெல்லின் எக்ஸ்ஏ21 ஏற்பிப் புரதத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெல், பாக்டீரியா இலைக்கருகல், எக்ஸ்ஏ21, பாஸ்பேட் ஏற்றம், யுபிகுவிட்டின் ஏற்றம்

முன்னுரை

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தின் முதன்மைப் பயிர்களுள் நெல் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றும் மழைச்சாரலும் பரப்பும் நெற்பயிர் நோய்களுள் பாக்டீரியா இலைக்கருகல் குறிப்பிடத்தக்கது. சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா இலையின் நீர்த்துளைகள், காயங்கள் வழியே நுழைந்து நீர்க்கடத்துக் குழாய்களில் பெருகுகிறது. இலை நுனியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் மஞ்சளாகிக் காய்கிறது. மருந்து தெளித்து இதனைக் கட்டுப்படுத்துவது கடினம். எனவே எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்களே உழவர்க்கு உறுதியான துணையாகின்றன.

எக்ஸ்ஏ21 ஏற்பி

மாலி நாட்டுக் காட்டுநெல்லிலிருந்து பெறப்பட்ட எக்ஸ்ஏ21 மரபணுவைப் பமீலா ரொனால்டு குழுவினர் 1995இல் பிரித்தெடுத்து அறிவித்தனர். அம்மரபணு தரும் புரதத்தின் வெளிப்பகுதி கிருமியை உணர்கிறது. செல்லினுள் உள்ள பகுதி பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதியாக இயங்குகிறது.

கிருமியின் ராக்ஸ்எக்ஸ் என்னும் சிறுபுரதமே எக்ஸ்ஏ21 உணரும் அடையாளம் என்பது 2015இல் வெளியாயிற்று. அதன் ஒரு டைரோசின் அமினோ அமிலத்தில் சல்பேட் ஏறியிருந்தால்தான் நெல் அதனை உணரும். அந்தச் சல்பேட்டை ஏற்றுவதும் பாக்டீரியாவின் நொதியே. ஆகவே நெல்லின் எதிர்ப்பு, கிருமியின் புரதத்தில் நிகழும் மாற்றத்தையும் சார்ந்துள்ளது.

மாற்றங்களின் இடைவினை

கிருமி இல்லாத வேளையில் எக்ஸ்பி24 என்னும் நொதி, எக்ஸ்ஏ21 தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளத் தூண்டி அதனை இயங்கா நிலையில் வைக்கிறது. கிருமி உணரப்பட்டதும் அது விலகுகிறது. எக்ஸ்பி15 நொதி எக்ஸ்ஏ21இலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. அது மிகுந்தால் எதிர்ப்பு தளர்கிறது. பாஸ்பேட் ஏறுவதும் அடக்குகிறது, நீங்குவதும் தளர்த்துகிறது என்னும் இம்முரண், எந்த இடத்தில் எப்போது ஏறுகிறது என்பதே பொருளை முடிவு செய்கிறது என உணர்த்துகிறது.

யுபிகுவிட்டின் ஏற்றமும் அவ்வாறே. அரபிடாப்சிஸ் செடியில் எஃப்எல்எஸ்2 ஏற்பி கிருமியை உணர்ந்தபின், பாஸ்பேட் ஏற்றப்பட்ட இரு நொதிகள் அந்த ஏற்பியில் யுபிகுவிட்டினை இணைத்து, சிதைவுக்கு அனுப்புகின்றன. இதனால் நோயெதிர்ப்பு வரம்பு மீறாது தணிகிறது. நெல்லிலோ, யுபிகுவிட்டினை இணைக்கும் எக்ஸ்பி3 நொதியின்மீது எக்ஸ்ஏ21 பாஸ்பேட்டை ஏற்றுகிறது. எக்ஸ்பி3 குறைந்த பயிரில் எக்ஸ்ஏ21இன் அளவும் எதிர்ப்பும் குறைகின்றன. ஒரே வகை நொதி ஓரிடத்தில் ஏற்பியை அகற்றவும் மற்றோரிடத்தில் நிலைபெறச் செய்யவும் உதவுகிறது.

முடிவுரை

தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி எனப்படும் பிபிடி 5204 இரகம் இலைக்கருகலுக்கு எளிதில் ஆட்படுவது. ஐதராபாத் ஆய்வு நிறுவனங்கள் அதில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 ஆகிய மூன்று மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது. ராக்ஸ்எக்ஸ் வடிவம் மாறிய கிருமிகள் எக்ஸ்ஏ21இன் பார்வைக்குத் தப்புகின்றன. அவற்றை எதிர்கொள்ள வேறு வழியில் இயங்கும் மரபணுக்கள் உடனிருப்பது பயனளிக்கும். இரகத் தேர்வில் மரபணுவின் இருப்போடு, அது தரும் புரதத்தின் மாற்றங்களும் அப்பகுதிக் கிருமியின் மாற்றங்களும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும்.