ஆறு ஆட்டம், ஆறு பாட்டு

சங்கீத வித்வான்களில் யார் பெரியவர் என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும். நமது ஜனங்கள் கையிலிருக்கும் காபி ஆறிப்போவதையும் மறந்து வாதாடத் தொடங்கிவிடுவார்கள். எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதில் மனித சுபாவத்துக்கு அப்படியோர் ஆசை. நமக்கும் அந்த வியாதி உண்டு. ஆனால் வித்வான்களை வரிசைப்படுத்தும் துணிச்சல் இல்லாததால், வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை வரிசைப்படுத்தி மகிழ்வது நமது நெடுநாளைய பொழுதுபோக்கு.

நாம் வசிப்பது சிட்லபாக்கத்தில். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வரும் ஊர் இது. 2021-ம் வருஷம் தாம்பரம் மாநகராட்சியில் சேரும்வரை பேரூராட்சியாக இருந்தது. ஏரியைச் சுற்றித் தனி வீடுகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. திண்ணைகள் போய்விட்டன. திண்ணையோடு போனவை எவை என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இந்தப் பட்டியலை எழுதி வைக்கத் தோன்றியது.

ஆட்டத்துக்கு மதிப்பெண் போட நாம் வைத்திருக்கும் கேள்விகள் இரண்டே. ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் அதில் சரிசமமாக எதிரெதிரே உட்கார முடியுமா? தோற்றவர் முகம் கோணாமல், "இன்னும் ஓர் ஆட்டம்" என்கிறாரா? நமது நாட்டு ஆட்டம் என்பதற்காக எதற்கும் கருணை மதிப்பெண் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆட்டத்துக்குப் பாட்டு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு காலப்பிரமாணம் உண்டு. சில விளம்பத்தில் நடப்பவை. சில துரிதத்தில் ஓடுபவை. ஆடும்போது நம்மை அறியாமல் வாயில் வரும் பாட்டு எதுவோ அதுவே அந்த ஆட்டத்துக்கு ஏற்ற பாட்டு. இனிக் கடைசியிலிருந்து தொடங்குவோம்.

ஆறாவது: பரமபத சோபானம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கு நமது முன்னோர்கள் கண்ட உபாயம் இது. நற்குணங்கள் ஏணியாகவும், துர்க்குணங்களும் அவற்றுக்குப் பேர்போன அசுரர்களும் பாம்பாகவும் வரையப்பட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் இங்கிலாந்து சென்று, வைகுண்டத்தை இழந்து, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

பேத்தியும் பாட்டியும் சமமாக உட்காரலாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சமத்துவம், இருவருக்கும் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் வந்தது. தாயம் விழுந்தபடி காய் நகரும். யோசனைக்கு இடமே இல்லை. ஆகவே ஆறாவது இடம். வைகுண்டத்துக்கு ஒரு படி கீழே நிற்கையில் பெரிய பாம்பு கடித்து அடிமட்டத்துக்கு வந்தவர் பாடவேண்டிய பாட்டு, ராஜாஜி இயற்றி எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடிய 'குறை ஒன்றும் இல்லை'. அந்த நிலைமையில் அதை மனமாரப் பாடக்கூடியவரே ஆட்டத்தில் உண்மையாக ஜயித்தவர்.

ஐந்தாவது: கேரம்

கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. பலகையின் மேல் போரிக் பவுடர். தலைக்கு மேல் ஒரு விளக்கு. சுற்றிலும் ஆடுகிறவர்களைவிட அதிகமாக யோசனை சொல்லும் நாலு பேர். சென்னைப் பட்டணத்தின் சந்துகளும் கேரம் பலகையும் பிரிக்க முடியாதவை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் உருவானதே இந்த நகரத்தில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்றில்லாமல், உலக அரங்கத்துக்குச் சந்திலிருந்தே நேரே வழி திறந்த ஆட்டம் இது.

ஆயினும் பாட்டியின் விரல் ஸ்டிரைக்கருக்கு ஈடு கொடுக்காது. சுற்றி நிற்பவர்களின் கூச்சலில் இரண்டாவது கேள்வியும் அடிபட்டுப் போகிறது. கூச்சலுக்கு ஈடு கொடுக்கக்கூடிய குரல் ஒன்றே ஒன்றுதான்: எம். கே. தியாகராஜ பாகவதர். பாபநாசம் சிவன் இயற்றிய 'மன்மத லீலை' சாருகேசியில் கிளம்பினால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தப் பாட்டு இடம்பெற்ற 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

நாலாவது: சதுரங்கம்

இதை நாலாவதாக வைத்ததற்கு நமது மாணவர்களே நம்மை மன்னிக்கமாட்டார்கள். பாரத நாட்டில் பிறந்து, பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா சென்று, அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் மந்திரி ராணியாகிப் பலம் பெற்று, இன்றைய உருவில் திரும்பி வந்த ஆட்டம். 1961-ல் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரானார். சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் 1972-ல் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2022-ல் ஒலிம்பியாட் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ், பதினெட்டே வயதில், உலகச் சாம்பியனானார். இவ்வளவு பெருமையையும் நாம் தலை வணங்கி ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நமது கேள்விகள் வேறு. சதுரங்கத்தில் பலசாலிக்கும் பலவீனனுக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க அதிருஷ்டம் ஒரு சிறிதும் உதவாது. ஆனந்துக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். வீட்டில் கற்றுக்கொடுத்தவர், பிள்ளை முன்னேறியதும் பலகையை விட்டு எழுந்துவிட வேண்டியதாகிறது. சிறந்த ஆட்டம், குடும்பத்தை ஓரிடத்தில் நெடுநாள் உட்கார்த்தி வைக்கும் ஆட்டம் அன்று. இதற்குச் சாஹித்யம் கூடாது. வார்த்தை காதில் விழுந்தால் கணக்குத் தப்பும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடி ஆலாபனை போதும். அவசரமே படாமல், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்து போகும் சங்கீதம் அது.

மூன்றாவது: ஆடு புலி ஆட்டம்

புலி மூன்று, ஆடு பதினைந்து, அவை நிற்கும் புள்ளிகள் இருபத்துமூன்று. கோயில் மண்டபங்களின் கல் தளத்தைக் குனிந்து பார்த்தால் பல இடங்களில் இந்தக் கோட்டைக் காணலாம். இரு கட்சிக்கும் ஒரே படையைக் கொடுக்கும் சதுரங்கத்துக்கு நேர் எதிரான தத்துவம் இதனுடையது. புலிக்குப் பலம், ஆட்டுக்கு எண்ணிக்கை. ஆட்டை நேர்க்கோட்டில் தாண்ட இடம் கிடைத்தால் புலி அதைத் தின்றுவிடும். புலியை ஆடு தின்ன முடியாது. நகர வழியில்லாமல் அடைக்கத்தான் முடியும்.

எல்லா ஆடுகளும் இறங்கியபின் பதினெட்டுக் காய்கள் நிற்கும். காலி இடங்கள் ஐந்தே. முதுகை ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நிற்கும் ஆடுகளைப் புலி தாண்ட முடியாது. தனியே நிற்கும் ஆடுதான் இரையாகும். ஒற்றுமையைப் பற்றி நாம் வகுப்பில் செய்யும் பிரசங்கம் ஐந்து நிமிஷத்தில் காற்றோடு போய்விடுகிறது. இரண்டு ஆடுகளைப் பறிகொடுத்த பையனுக்கோ மூன்றாவது ஆட்டை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேபாளத்திலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு: அங்கே நாலு புலி, இருபது ஆடு.

மூன்று புலிகளையும் ஆடுகள் கட்டிப்போட்ட சமயத்தில் பாரதியாரின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' தானாகவே வாயில் வருகிறது. 1921-ல் மறைந்த கவி, வந்துவிட்ட சுதந்திரத்தைக் கண்ணால் காணாமலே பாடிவைத்த பாட்டு அது. 1947-ன் தொடக்கத்தில், சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் ஊரெங்கும் ஒலித்தது.

இரண்டாவது: தாயம்

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் போடாமல் காய் கட்டத்தில் இறங்காது. பதினாறு விதமாக விழக்கூடிய கட்டைகளில் இரண்டு விதமே தாயம். அதாவது எட்டுக்கு ஒன்று. அப்படியானால் எட்டு முறை உருட்டினால் நிச்சயம் விழும் என்று மாணவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டால் எட்டு முறையும் விழாமல் போவதற்கே நூற்றுக்கு முப்பத்துநாலு பங்கு இடமிருக்கிறது! நிகழ்தகவுப் பாடத்தைக் கரும்பலகையைவிடத் தாயக்கட்டை நன்றாக நடத்துகிறது.

இறங்கியபின் அதிருஷ்டம் மட்டும் போதாது. எந்தக் காயை ஓட்டுவது, எதை மலையில் பத்திரமாக வைப்பது, யாரை வெட்டுவது என்று யோசிக்க வேண்டும். எதிரியின் காயை வெட்டியவருக்குத்தான் உள்ளே பழுக்க வழி என்பது பல வீடுகளில் விதி. பாதி விதி, பாதி மதி. ஆகையால் பேத்தி பாட்டியை ஜயிக்கலாம். பாட்டி கல்லூரிப் பேரனையும் வெட்டி வீழ்த்தலாம். தோற்றவர் கட்டையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி உட்காரலாம்.

2015 டிசம்பரில் சென்னையின் தென் புறநகர்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது சிட்லபாக்கமும் தப்பவில்லை. மின்சாரம் போயிற்று, செல்பேசிகள் அணைந்தன. கீழ்த்தளத்தார் எல்லாரும் நமது மாடியில் வந்து தங்கினார்கள். கழிவுநீர்க் கால்வாய்த் தகராறில் இரண்டு வருஷம் பேசாதிருந்த இரு குடும்பங்களும் அவர்களில் அடக்கம். சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டோம். தாயக்கட்டை இல்லை, புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டோம். இரவு பத்து மணிக்கு அந்த இரண்டு வீட்டு அம்மாள்களும், "வெட்டாதீங்க அக்கா!" "வெட்டாமல் விடுவேனா!" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மத்தியஸ்தரும் சாதிக்காததை நாலு புளியங்கொட்டை சாதித்தது. அன்றிரவு ஒருவர் மெல்லப் பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' தாயத்தோடு சேர்ந்தே நமது நினைவில் தங்கிவிட்டது. கல்கி எழுதி, எஸ். வி. வெங்கடராமன் இசையமைத்து, 1945-ல் 'மீரா' படத்தில் எம். எஸ். பாடிய பாட்டு.

தாயத்தின் ஒன்றுவிட்ட சகோதரியான பச்சீசியை ஆங்கிலேயர் 1896-ல் 'லூடோ' என்று பதிவு செய்துகொண்டார்கள். 2020-ல் ஊரடங்கின்போது அதே ஆட்டம் செல்பேசிக்குள் புகுந்து தேசமெங்கும் பரவியது. ஆட்டத்தின் மேல் ஜனங்களுக்கு ஆசை குறையவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

முதலாவது: பல்லாங்குழி

ஏழு குழியாக இரண்டு வரிசை. குழிக்கு ஐந்து முத்து வைத்தால் எழுபது. சோழியோ, மஞ்சாடியோ, புளியங்கொட்டையோ எதுவானாலும் சரி. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டு போகவேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளவேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கப்பால் உள்ளதை எடுத்துக்கொண்டு நிறுத்தவேண்டும். குழியில் நாலு சேர்ந்தால் பசு. அது குழிக்குச் சொந்தக்காரருக்கு.

ஓர் அதிசயம்: ஐந்து ஐந்தாக வைத்து, எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும், ஐந்து தடவை அள்ளியபின் முதல் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஏழு முத்து. சந்தேகமுள்ளவர்கள் ஆடிப் பார்க்கலாம். அதன்பின்தான் ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனி வழியில் பிரிகிறது. எழுத்தறியாத பாட்டிமார் எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் நிற்கும் என்பதைக் கண்ணாலேயே கணக்கிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நமது பட்டப்படிப்பு அவர்களிடம் பலமுறை தோற்றிருக்கிறது.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. முதல் சுற்றில் தோற்றவர் தம்மிடம் உள்ள முத்துக்களால் எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பிக்கொண்டு மேலே ஆடுகிறார். ஒரே குழியோடு நிற்பவரும் வெளியே அனுப்பப்படுவதில்லை. அங்கிருந்தே அவர் மீண்டு வந்துவிடலாம். தோற்றவரை மறுபடி உட்கார வைப்பதையே விதியாகக் கொண்ட ஆட்டம் இது. எதிராளி இல்லாதவர்கள் தனியே ஆடச் சீதைப் பாண்டி இருக்கிறது. அசோகவனத்தில் சீதை ஆடியது என்று பாட்டிமார் சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இதன் சுற்றத்தார் இருக்கிறார்கள். தெலுங்கர் வாமன குண்டலு என்றும், கன்னடர் அளகுளி மணை என்றும் ஆடுகிறார்கள். இதற்கு ஏற்ற பாட்டு பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே'. 1951-ல் 'மணமகள்' படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் அமைத்த ராகமாலிகை மெட்டில், எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடியது. முத்து விழும் ஓசைக்கும் அந்த மெட்டின் நடைக்கும் அத்தனை பொருத்தம்.

ஆனால் முதலிடம் பெற்ற இந்த ஆட்டத்தின் கதி என்ன? நமது தெருவில் ஐந்தாறு வீடுகளில் பல்லாங்குழிப் பலகை உண்டு. எல்லாம் கண்ணாடி அலமாரியில், கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில், நன்றாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. "எப்படி ஆடுவது?" என்று கேட்டால், "அம்மாவுக்குத் தெரியும்" என்கிறார்கள். சில வீடுகளில், "அம்மாவுக்குத் தெரிந்திருந்தது" என்கிறார்கள். நமக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது பதில்தான். சதுரங்கத்துக்குப் புத்தகங்கள் ஆயிரமாயிரம், அது அழியாது. பல்லாங்குழியின் விதிகளோ ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு. பசுவை யார் எடுப்பது, வெறுங்குழிக்குப்பின் என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம். அது அந்த வீட்டுப் பாட்டியின் கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நமது பாரம்பரிய ஆட்டம்' என்று புகழ்வதோடு நிறுத்த வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பலகையை இறக்குங்கள். பலகை இல்லாதவர்கள் முட்டை அட்டையில் பதினாலு குழி வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் மூத்தவர் யாரோ அவரை எதிரே உட்கார்த்தி ஆடுங்கள். அவர் சொல்லும் விதிகளை ஒரு நோட்டில், குழந்தையின் கையாலேயே எழுத வையுங்கள். நமது வரிசையில் யாருக்கேனும் ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். ஆனால் முதலில் நம்மோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வரவேண்டும்.