தால் ஏரியின் விருந்தும் நெசவும்

ஸ்ரீநகரின் தால் ஏரிக்குச் செல்வோர், 1619-இல் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தைக் கண்டு வியக்கின்றனர். நம் அங்கத்தினர் கவனிக்கத்தக்கவை வேறு இரண்டு உண்டு.

ஒன்று உணவு. நாணலும் நீர்ச்செடியும் சேறும் சேர்த்தமைத்த மிதக்கும் தோட்டங்களில் விளையும் காய்கறிகள், விடியற்காலையில் படகுச் சந்தையில் விலையாகின்றன. ஏரியின் தாமரைத்தண்டு 'நத்ரு' எனப்படும்; தயிரில் வெந்து விருந்தினர் தட்டுக்கு வரும். 2014-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பயிரைப் பெரிதும் அழித்தது. ஏரி கெட்டால் உழவரும் கெடுவர் என்பதற்கு அதுவே சான்று.

மற்றொன்று பஷ்மினாச் சால்வை. இயந்திரச் சால்வைகளும் அப்பெயரில் விற்கப்படுகின்றன. கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்ததற்கே 2008-இல் பெற்ற புவிசார் குறியீடு உரியது. முத்திரை பார்த்து வாங்கினால்தான் நெசவாளிக்கு உரிய கூலி சேரும். நமது சேலைக்கும் இஃது பொருந்துமன்றோ?