உங்களுக்குத் தெரியுமா? மென்பொருளிலும் மூட்டை எண் உண்டு

அரியலூரில் லாரி ஏறும் சிமெண்டு மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும். கான்கிரீட்டில் குறை தெரிந்தால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆலைவரை போகலாம்.

மென்பொருளுக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். ஆனால் அதைக் கையால் எழுதவே கூடாது. ஒருநாள் மாற்ற மறந்தாலும் எண் பொய்யாகிவிடும். மூலநிரலை மென்பொருளாக்கும் பில்ட் ஸ்கிரிப்ட்தான் எழுத வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவுசெய்த மாற்றத்துக்கும்) வழக்கமாக 40 பதினறும இலக்கங்கள் கொண்ட அடையாளம் தருகிறது. ‘கிட் டிஸ்கிரைப்’ கட்டளை கடைசி டேக் (பதிப்புக்கு இட்ட பெயர்), அதன்பின் வந்த கமிட்டுகளின் எண்ணிக்கை, அடையாளத்தின் சுருக்கம் மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடும். ‘டர்ட்டி’ என்ற விருப்பத்தையும் சேர்த்தால், கமிட் செய்யாத திருத்தம் கலந்திருப்பதையும் காட்டிக்கொடுக்கும். என் கணிப்பில் இதுவே மிகப் பயனுள்ள பகுதி. இதே வகைக் கருவியான பழைய சப்வெர்ஷனிலும் ‘எஸ்விஎன்வெர்ஷன்’ இதே எச்சரிக்கையை எண்ணுக்குப் பின் ‘எம்’ சேர்த்துத் தருகிறது.

பெரம்பலூரில் கணினி படிக்கும் மாணவர்கள் கவனிக்க: தானியங்கி பில்ட் சர்வர்கள் நேரம் மிச்சமாகட்டும் என்று கடைசிக் கமிட்டை மட்டும் இறக்குவதுண்டு. டேக் கூட வராததால் ‘டிஸ்கிரைப்’ அங்கே தோற்றுவிடும். முழு வரலாற்றையும் டேக்குகளையும் இறக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பில்ட் செய்த நேரத்தை மென்பொருளுக்குள் பொதிக்காதீர்கள். பொதித்தால், ஒரே மூலநிரலை இருமுறை பில்ட் செய்தாலும் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. கமிட்டின் தேதி போதும்.