ஓடும்வரை பிரச்னை இல்லை... நிறுத்திய பிறகுதான் சிக்கல்! உறைபனியில் படகு மோட்டார் என்ன ஆகும்?

திண்டுக்கல்லில் மார்கழிக் குளிர் என்றால் தேங்காய் எண்ணெய் உறையும், பழைய பைக் கூடுதலாக இரண்டு உதை கேட்கும். அவ்வளவுதான். மேலே கொடைக்கானலில் புல்வெளியே வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி விழுந்தாலும், ஏரியில் ஓடுவது துடுப்புப் படகும் பெடல் படகும்தான். குளிரில் படகு மோட்டார் படும் பாட்டைப் பார்க்க ஸ்ரீநகர் வரை போக வேண்டும்.

2021 ஜனவரி 14, நம் வீடுகளில் பொங்கல் பொங்கிய நாள். அன்று ஸ்ரீநகரில் பதிவானது மைனஸ் 8.4 டிகிரி. 30 ஆண்டுகளில் அங்கே அப்படியொரு குளிர் இல்லை. தால் ஏரி உறைந்துபோனது. ஏரிக்குள்ளேயே வீடும் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கும் மக்களுக்குப் படகுதான் பஸ், ஆட்டோ எல்லாம். பனித்தகட்டைத் துடுப்பால் உடைத்து உடைத்துத்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது.

இந்தக் குளிரில் மோட்டாருக்கு என்ன ஆகும்?

படகின் பின்பக்கம் மாட்டும் சின்ன மோட்டாருக்கு கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்கும். உறிஞ்சும் வேலையைச் செய்வது ‘இம்பெல்லர்’ என்ற சிறிய ரப்பர் சக்கரம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தண்ணீரும் ஓடும், உறையாது. நிறுத்திவிட்டுச் சாய்த்துத் தூக்கி வைத்தால்தான் ஆபத்து. உள்ளே தேங்கிய தண்ணீர் ராத்திரியில் உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவிகிதம் விரியும். அந்த அழுத்தத்துக்கு உலோகமே விரிசல் விடும்.

காலையில் அவசரமாகக் கயிற்றை இழுத்தால் அடுத்த அடி. பனியில் ஒட்டிக்கொண்ட ரப்பர் சக்கரம் கிழிந்துவிடும். தண்ணீர் ஏறாது. வெளியே மைனஸ் டிகிரி, உள்ளே இன்ஜின் சூடேறிப் பாழாகும்!

தீர்வு என்னவோ ரொம்பச் சுலபம். கரைக்கு வந்ததும் மோட்டாரைச் செங்குத்தாகவே சில நிமிடங்கள் நிறுத்தினால் போதும், தண்ணீர் தானாக வடிந்துவிடும். மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் மோட்டாரின் பின்னால் மெல்லிய தண்ணீர்த் தாரை பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லையா? உடனே நிறுத்திவிட வேண்டும். உறைந்த மோட்டாரை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து இளக்கலாம். பெட்ரோல் இருக்கும் பொருளிடம் தீயைக் காட்டும் வேலையே கூடாது. கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் உறையும். பேட்டரியும் சோர்ந்துபோகும், மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதிதான்.

நடு ஏரியில் மோட்டார் நின்றால் செலவோடு போகாது, உயிர்ப் பயமும் சேரும். உறைநிலைத் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சு திணறும். பத்து நிமிடங்களில் கை விரல்கள் சொன்ன பேச்சு கேட்காது. எவ்வளவு நன்றாக நீச்சல் தெரிந்தாலும் இதுதான் கதை. அதனால் ஸ்வெட்டர், கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை அணைக்கும் பாதுகாப்புக் கயிறும் அவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

லடாக்கின் பாங்காங் ஏரியில் இந்தத் தொல்லையெல்லாம் குளிர்காலத்தில் இல்லை. உப்புத் தண்ணீர் என்றாலும் ஏரி கெட்டியாக உறைந்துவிடும், படகுக்கே வேலை கிடையாது. 2023 பிப்ரவரியில் அந்தப் பனியின் மேல் 21 கிலோமீட்டர் மாரத்தானே ஓடிவிட்டார்கள்!