தொட்டால் ஒட்டாது

சில ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மார்ச் மாத வெயிலிலும் சீருடைக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். மதிய உணவின்போது அவளுக்கு இருபுறமும் இடம் காலியாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அவளுக்கு வெண்குஷ்டம் டீச்சர், ஒட்டிக்கும்னு எங்கம்மா சொன்னாங்க” என்றாள் மற்றொரு மாணவி.

நான் மறுத்துப் பேசவில்லை. அறிவியல் பாடம் நடத்தும் எனக்கே உறுதியாகத் தெரியாது. உதவுவதாக நினைத்து, அவளைத் தனி நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மறுநாளிலிருந்து நான்கு நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அதன்பின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டேன். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை மெலனோசைட் செல்கள் உருவாக்குகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இச்செல்களைத் தவறாகத் தாக்கி அழிக்கும்போது, அவ்விடம் பால்போல் வெளுக்கிறது. இதுவே வெண்புள்ளி. இதில் கிருமி இல்லை. ஆகவே தொட்டாலோ, சேர்ந்து உண்டாலோ ஒட்டாது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. அதனால்தான் ‘வெண்குஷ்டம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘வெண்புள்ளி’ என்றே குறிப்பிடத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

வகுப்பில் நாம் காணும் வெளிர் திட்டுகள் எல்லாம் வெண்புள்ளி அல்ல. சிறுவர் கன்னத்தில் சொரசொரப்பாக, ஓரம் தெளிவின்றித் தோன்றும் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியோடு வருவது. வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாளடைவில் தானே மறையும். கழுத்திலும் மார்பிலும் மெல்லிய செதிலுடன் பரவும் தேமல் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. களிம்பு தடவினால் சரியாகும். திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அது தொழுநோயாகவே இருந்தாலும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகும். எது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே, நாம் அல்ல.

வெண்புள்ளி உடலுக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் அவ்விடத்தில் மெலனின் இல்லாததால் வெயில் எளிதில் சுடும். அதற்காக அக்குழந்தையை மட்டும் ஓரமாக நிறுத்த வேண்டாம். வகுப்பையே நிழலில் நிறுத்தலாம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் பலருக்கு ஓரளவு நிறம் திரும்புவதும் உண்டு என்பதைப் பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள்.

அந்த மாணவியின் வீட்டுக்கு நேரில் போய் அழைத்துவந்தேன். தனி நாற்காலியை எடுத்துவிட்டேன். யாரையும் சுட்டாமல் மெலனின் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினேன். அன்று மதியம் என் டிபன் பாக்ஸுடன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளது மறுபக்கம் நிரம்பப் பத்து நாள்கள் ஆயின. பாடத்தைவிட நான் அங்கே உட்கார்ந்ததைத்தான் பிள்ளைகள் கவனித்தார்கள் என்று நினைக்கிறேன்.